போடிமெட்டில் ஏறி கம்பம்மெட்டில் இறங்கும் சைக்கிள் சுற்று: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. மூன்று ஆண்டுகளாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாள் அழகர்கோவில் போய்த் திரும்புவேன். மாதம் ஒரு முறை திண்டுக்கல் வரை போய் வருவேன், 130 கிலோமீட்டர் அளவு. சமவெளியில் தூரம் எனக்குப் பயமில்லை. மலை என்றால் ஒரே ஓர் அனுபவம்தான்: சென்ற ஆண்டு சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது, இறங்கித் தள்ளினேன்.

சின்ன வயதில் விடுமுறைக்குப் போடியில் மாமா வீட்டுக்குப் போவோம். இரவில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, மேற்கே மலையில் வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக வளைந்து வளைந்து ஏறுவதை எண்ணிக்கொண்டே தூங்கிப் போவேன். அந்தச் சாலையில் என் காலால் ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நான் போட்டு வைத்திருக்கும் வழி இது, போடிமெட்டில் ஏறிக் கேரளத்துக்குள் போய், கம்பம்மெட்டில் திரும்பத் தமிழகத்துக்கு இறங்குவது. தேனி, போடி, முந்தல், போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், கம்பம்மெட்டு, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், மறுபடி தேனி. மொத்தம் 150 கிலோமீட்டர் அளவு வருகிறது. ஒரே நாளில் முடித்துவிடலாமா? எந்த மாதம் நல்லது? என் சைக்கிளில் முன்னே 50, 34 பற்கள், பின்னே 11 முதல் 28 வரை. அலுமினிய ரிம், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை), 25 மில்லிமீட்டர் டயர். இதை வைத்துக்கொண்டு ஏற முடியுமா, எதையாவது மாற்ற வேண்டுமா?

பவானிக்கரை (மேட்டுப்பாளையம்)

கியர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அந்தப் பக்கத்துச் சாலையை எனக்குத் தெரியாது. ஆனால் கோத்தகிரி ஏற்றத்தில் பல முறை முழங்காலைக் கெடுத்துக்கொண்டு பாடம் படித்தவள் நான்.

உங்கள் கடைசி கியர் முன்னே 34, பின்னே 28. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் உங்களை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் முன்னே தள்ளும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். சமவெளிக்காரர் ஒருவர் நீண்ட ஏற்றத்தில் இரண்டு மணி நேரம் 9 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடிப்பது கடினம். வேகம் 7 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால் உங்கள் கால் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் சுற்றும். அப்படியென்றால் ஒவ்வொரு மிதியிலும் முழு உடம்பையும் ஏற்றி அழுத்துகிறீர்கள் என்று பொருள். சிறுமலையில் உங்கள் முழங்கால் பிடித்தது நெஞ்சில் தெம்பு குறைந்ததால் அல்ல. அந்த அழுத்தம்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பின்னே 11 முதல் 34 வரை உள்ள பல்சக்கரத் தொகுதியைப் போடுங்கள். அதே 7 கிலோமீட்டர் வேகத்தில் கால் 55 சுற்றுக்கு மேல் சுற்றும். ஒன்றை மறக்க வேண்டாம்: குட்டைக் கை உள்ள பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பகுதி) பெரும்பாலும் 28, மிஞ்சினால் 30 பல் வரைதான் தாங்கும். 34 போட்டால் நீளக் கை உள்ளதையும், கூடவே நீளமான செயினையும் மாற்ற வேண்டும். பல்சக்கரத்தை மட்டும் மாற்றி அனுப்பும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி மாற்றித் தந்ததில், பர்லியாறு தாண்டிப் பெரிய பல்லுக்கு மாற்றியபோது செயின் இறுகி, டிரெய்லியர் கை வளைந்து சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. கடையிலேயே சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, பெரிய பல் முன்னும் பின்னும் இருக்கும்படி ஒரு முறை சுற்றிப் பாருங்கள். செயினில் சற்றாவது தளர்வு இருந்தால்தான் வண்டியை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலமலை ஆசிரியர் (போடி)

தம்பி, உங்கள் மாமா வீட்டு மொட்டை மாடியிலிருந்து நீங்கள் எண்ணிய விளக்குகளில் சில, என் அம்மா போன ஜீப்பின் விளக்காக இருந்திருக்கலாம். அவர் 19 ஆண்டுகள் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். விடியும் முன் போடியில் ஜீப் ஏறுவார், இருட்டிய பின் இறங்குவார். நான் போடியில் கணக்கு ஆசிரியர். இந்தச் சாலையில் 14 ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஆனாலும் இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அம்மாதான், அதனால் அவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது முதலில் வேலைக்குப் போகிறவர்களின் சாலை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் காலை ஆறு மணி முதல் எட்டரை வரை ஜீப்புகள் மேலே ஏறும். உள்ளே தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள். நேரத்துக்குத் தோட்டத்தில் இறங்காவிட்டால் அன்றைய கூலிக்குப் பேச்சு வரும். மாலை நான்கு முதல் ஆறரை வரை அதே ஜீப்புகள் இறங்கும். காலையில் ஏறும் ஜீப்பைவிட மாலையில் இறங்கும் ஜீப் வேகம். ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், ஆனால் அந்த மனப்பாடத்தில் நீங்கள் இல்லை. ஆகவே இந்த இரண்டு நேரத்தையும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள். எட்டரை மணிக்கு மேல் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டுங்கள். அப்போது ஏறினால் நடுநடுவே பல நிமிடம் உங்கள் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

முந்தலிலிருந்து போடிமெட்டு சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி 1,300 மீட்டருக்கு மேல். செங்குத்தான சாலை அல்ல, விடாமல் ஏறும் சாலை. அதனால்தான் சமவெளிக்காரர்கள் முதல் ஐந்து கிலோமீட்டரில் ஏமாந்து போகிறார்கள். "இவ்வளவுதானா" என்று அழுத்துவார்கள், எட்டாவது வளைவில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் ஒருவர் வந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கே மிதியுங்கள். பவானிக்கரை சகோதரி சொன்ன 34 பல் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

வளைவில் ஒரு நுணுக்கம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நீங்கள் வெளிவட்டத்தில் இருப்பீர்கள், ஏற்றம் தணிந்து கொஞ்சம் இளைப்பாறலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே சாலை சுவர் போல நிமிரும். அந்த வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் நின்று மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் அறும். மேலிருந்து நீண்ட ஹாரன் ஒன்று கேட்டால் பஸ்ஸோ லாரியோ முழு வளைவையும் எடுக்கப் போகிறது என்று பொருள். வளைவுக்கு வெளியே, இடது ஓரத்தில் காலை ஊன்றி நின்று வழி விடுங்கள். ஓட்டுநர் கை காட்டிவிட்டுப் போவார், நீங்களும் காட்டுங்கள்.

பாதிக்கு மேல் ஓரிடத்தில் காது அடைக்கும். அம்மா அதைக் "காதடைப்பு வளைவு" என்றே சொல்வார். ஜீப்பின் பின்புறப் படுதா மூடியிருந்தாலும் எச்சில் விழுங்கும்போது தெரிந்துவிடுமாம், இனிக் குளிரும் என்று. முந்தானையை இழுத்துக் காதோடு போர்த்திக்கொள்ளும் இடம் அது. சைக்கிளில் மெதுவாக ஏறுவதால் உங்களுக்கு அடைப்பு அவ்வளவு தெரியாது, ஆனால் கையின் வியர்வை சட்டென்று குளிர்வது தெரியும். புளிய மரமும் முள்ளும் முடிந்து ஈரப் பாறை தொடங்கும். மழைக் காலமென்றால் புலியூத்து அருவியின் சத்தம் கேட்கும்.

ஒரே நாளில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எட்டரைக்கு முந்தல் என்றால் உச்சிக்குப் பதினொன்றரை ஆகும். நெடுங்கண்டம் போய்ச் சேர மூன்று மணி. அங்கிருந்து கம்பம்மெட்டு போய் இறக்கத்தைத் தொடங்கும்போது ஜீப் இறங்கும் நேரம் வந்துவிடும். களைத்த கை, சூடான ரிம், முதுகுக்குப் பின்னால் ஜீப். நெடுங்கண்டத்தில் தங்குங்கள். மறுநாள் ஒன்பதரைக்குக் கம்பம்மெட்டில் இறங்கத் தொடங்கினால், மேலே வரும் ஜீப்புகள் எல்லாம் ஏறி முடித்திருக்கும்.

மாதம்: ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் முதல் வாரம் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கம் மழையும் மூடுபனியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, இந்தச் சரிவில் பாறை உருளும் காலம். கார்த்திகை முதல் மகர விளக்கு வரை சபரிமலைப் போக்குவரத்து. கூட்டம் கூடும் நாட்களில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக மேலே ஏற்றி, குமுளி வழியாக இறக்குவது போலீசாரின் வழக்கம். அந்த நாட்களில் கம்பம்மெட்டில் இறங்குவது ஆற்று வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடுவதற்குச் சமம். ஏப்ரல், மே மாதம் வேண்டாம். போடிமெட்டுச் சரிவு கிழக்கே பார்த்தது, காலை வெயில் முழுதும் முதுகில் விழும். பிப்ரவரியில் அது இதம், ஏப்ரலில் தாங்காது.

பிரேக் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 2017இல் தூறலில் இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. முதல் நாள்தான் பிரேக் கட்டை புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். ஈர ரிம்மில் அது சோப்பு போல வழுக்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மலைப் பயணத்துக்கு முன்பும் இதைச் செய்கிறேன்: சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். கறுப்பு ரப்பரில் பொட்டுப் பொட்டாக ஏதாவது மின்னும். அது ரிம்மிலிருந்து உரிந்து பதிந்த அலுமினியத் துணுக்கு. ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, மணல்தாளில் மேற்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்ப்பேன். அந்தத் துணுக்கை விட்டுவைத்தால் அது ரிம்மை மேலும் சுரண்டும், மேலும் துணுக்கு பதியும். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ரிம் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ரிம் சூட்டில் டியூப் வெடித்தவர்களை எனக்குத் தெரியும்.

வைகைக்கரை

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிகுந்த நன்றி. நாளையே கடைக்குப் போய் 34 பல்லும் நீளக் கை டிரெய்லியரும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் என்றே முடிவு செய்துவிட்டேன், பிப்ரவரி இரண்டாம் வாரம். இன்னும் இரண்டு சந்தேகங்கள். யானை வருமா? அரிசிக்கொம்பன் செய்தி படித்ததிலிருந்து வீட்டில் அச்சப்படுகிறார்கள். இரண்டாவது, கம்பத்தில் இறங்கிய பிறகு தேனி வரை 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலைதானே? அதை ஒரு ஜீப்பில் ஏற்றி முடித்துவிடலாமா என்று நினைக்கிறேன்.

ஏலமலை ஆசிரியர்

யானை பற்றி முதலில். அரிசிக்கொம்பன் 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்டு, மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. ஜூன் மாதம் பிடித்து மேல் கோதையாறுப் பகுதியில் விட்டார்கள். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் மற்ற யானைகள் உண்டு. உங்கள் வழி பூப்பாறையிலிருந்து தெற்கே திரும்பிவிடுவதால் ஆனையிறங்கல் அணைப் பக்கம் போகாது. இருந்தாலும் விடியும் முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் மேலே எங்கும் ஓட்டாதீர்கள். பூப்பாறையில் டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. தம்பி, கம்பத்தில் ஜீப் ஏறாதீர்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். அந்த 40 கிலோமீட்டரை மிச்சம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு இந்தச் சுற்றின் மறுபாதியே அதுதான். முதல் நாள் ஏறும்போது மலையைப் பார்த்தீர்கள், இரண்டாம் நாள் அந்த மலை அடிவாரத்துக்கு என்ன தருகிறது என்று பார்க்கப் போகிறீர்கள்.

நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். கம்பத்திலிருந்து கிழக்கே காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்புங்கள். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வழியாக உத்தமபாளையம். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் சாலையின் இரு புறமும் திராட்சைப் பந்தல். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு ஒரு முழம் மேலே கொடியைப் படர விட்டிருப்பார்கள். பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே திராட்சைக்கு ஒரே பருவம் என்று இல்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து செய்து கொடி மொட்டையாக நிற்கும், அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் கறுத்த குலை. நிறுத்தி, கேட்டுவிட்டு, பந்தலுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே தரை ஈரமாக இருக்கும். அரை கிலோ வாங்கி முன் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் முந்தைய நாள் ஓட்டிய அதே மலைத்தொடரின் பின்புறத்திலிருந்து. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றின் தண்ணீரை, பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்த அணையால் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். லோயர்கேம்ப் மின் நிலையத்தின் நான்கு குழாய்கள் வழியாக இறங்கி, முல்லையாறாக இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. பிப்ரவரியில் இரண்டாம் போகம் நிற்கும், சில வயல் பால் பிடித்து, சில வயல் பழுத்து.

சின்னமனூரில் மறுபடியும் நெடுஞ்சாலையை விட்டு மார்க்கையன்கோட்டை, குச்சனூர், உப்புக்கோட்டை வழியாக வீரபாண்டிக்கு வாருங்கள். வயலுக்கு நடுவே போகும் சாலை, வாய்க்கால் பல இடங்களில் கூடவே வரும். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் சத்தத்தை ஒரு கிலோமீட்டர் தொடர்ந்து கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதிக்கும் சுகத்தை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோவில் அருகே ஆற்றில் இறங்கி முழங்காலை நனைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேனி பத்து கிலோமீட்டருக்குள்தான்.

மேற்குக்காற்று (திருச்சி)

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து. நான் எதிர்ச்சுற்றுப் போனவன். கம்பம்மெட்டு ஏற்றம் குறைந்த தூரம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலை என்பதால் இறக்கத்துக்குச் சாலை அகலம். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரையும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். புதியவருக்கு நல்ல சாலையில் இறங்குவதுதானே பாதுகாப்பு?

ஏலமலை ஆசிரியர்

நியாயமான கேள்வி. டிஸ்க் பிரேக் இருந்தால், மலை இறங்கிப் பழகியவர் என்றால், உங்கள் வழி நல்ல வழி. இவருக்கு வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். முதலாவது, போடிமெட்டு இறக்கம் 20 கிலோமீட்டர். ரிம் பிரேக்கை அவ்வளவு நேரம் பிடித்துப் பழகாத கை பத்தாவது கிலோமீட்டரில் மரத்துப் போகும், விரல் மடங்காது. கம்பம்மெட்டு இறக்கம் சாலை குறுகல் என்றாலும் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவது, அகலமான சாலை புதியவரை வேகமாக இறங்கச் சொல்லும். நான் விழுந்ததும் அகலமான இடத்தில்தான். நீங்கள் ஒரு மணி நேரத்தில் கம்பம்மெட்டு ஏறியவர், உங்கள் கையும் காலும் வேறு.

பவானிக்கரை

உணவு பற்றி ஒரு வரி. ஏறத் தொடங்கும் முன் வயிறு முட்ட வேண்டாம், மூன்று மணி நேர ஏற்றத்தில் அரை மணிக்கு ஒரு முறை ஏதாவது வாயில் போடுங்கள். நான் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்திருப்பேன். இரண்டு பாட்டில் தண்ணீரில் ஒன்றில் உப்பும் எலுமிச்சையும். உச்சியில் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயம். வியர்த்த பனியனோடு குளிரில் இறங்கினால் உடம்பு நடுங்கும், கை நடுங்கினால் பிரேக் பிடிக்க முடியாது.

வைகைக்கரை

போய் வந்துவிட்டேன். சனி, ஞாயிறு. மொத்தம் 163 கிலோமீட்டர்.

எட்டு நாற்பதுக்கு முந்தல். உச்சியில் பதினொன்று ஐம்பது. மூன்று இடத்தில் நின்றேன், தள்ளவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. பெரும்பாலும் 34 பல்லிலேயே இருந்தேன், அது இல்லாமல் நான் ஏறியிருக்கவே மாட்டேன் சகோதரி. காதடைப்பு வளைவை நான் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். எச்சில் விழுங்கினேன், திறந்துகொண்டது, சற்று மேலே போனதும் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அங்கே நின்று கீழே பார்த்தால் போடி தெரிந்தது. மாமா வீடு எந்தத் திசை என்று நெடுநேரம் தேடினேன்.

சாந்தன்பாறைக்கு முன்னும் பின்னும் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வரைபடத்தில் சமமாகத் தெரிந்த இடமெல்லாம் அலையாகத்தான் இருந்தது. உடும்பன்சோலையைத் தாண்டிக் காற்று தள்ளியது. நெடுங்கண்டத்துக்கு நாலேகாலுக்குத்தான் போனேன். அன்றே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது தெரிந்தது. எதிரே ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பம்மெட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

மறுநாள் தூக்குப்பாலம், கூட்டாறு வழியாகக் கம்பம்மெட்டு. கூட்டாறு பக்கம் சாலை சில இடத்தில் பெயர்ந்திருக்கிறது, போகிறவர்கள் கவனம். இறக்கத்தில் மூன்று முறை நின்று ரிம்மைப் பார்த்தேன். இரண்டாம் முறை புறங்கையை அருகில்கூடக் கொண்டு போக முடியவில்லை, பத்து நிமிடம் நின்றேன்.

காமயகவுண்டன்பட்டி தாண்டி ஒரு பந்தலில் கவாத்து செய்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு உள்ளே போனேன். வெட்டிய கொடியின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மழை பெய்ததா என்று கேட்டேன். "அது கொடியோட தண்ணி, வெட்டுனா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் வடியும்" என்றார். என் தோளில் இரண்டு சொட்டு விழுந்தது. நிறமும் இல்லை, மணமும் இல்லை, வெறும் குளிர்ந்த தண்ணீர்.

குச்சனூர் சாலையில் நெல் அறுவடை இயந்திரம் ஒன்றின் பின்னால் ஒரு கிலோமீட்டர் மெதுவாக வந்தேன், முந்த மனம் வரவில்லை. கம்பத்தில் ஜீப் ஏறியிருந்தால் இதில் எதுவும் இல்லை. ஐயா, நடவு நேரத்தில் அந்த 40 கிலோமீட்டரை மட்டும் என் மகளோடு ஓட்ட ஆசை. அவளுக்கு 14 வயது, கியர் இல்லாத சைக்கிள். எப்போது வரலாம்?

ஏலமலை ஆசிரியர்

மிகுந்த மகிழ்ச்சி தம்பி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காதடைப்பு வளைவைக் கேட்டதும் எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் பள்ளம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். பள்ளம் வலப்பக்கம் இருந்திருந்தால் அது இல்லையாம், இன்னும் ஒரு வளைவு மேலே போக வேண்டுமாம்.

முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம், அணையில் இருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து நாள் முன்பின் ஆகும். திறந்ததும் நடவு வந்துவிடாது, நாற்றங்கால் விட்டு மூன்று, நான்கு வாரம் ஆகும். ஜூலை முதல் வாரம் வாருங்கள். அப்போது பள்ளத்தாக்கு முழுக்கத் தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும். தேனியிலிருந்து கம்பம் போனால் எதிர்காற்று, பிள்ளை அழுதுவிடும். கம்பம் வரை சைக்கிள்களை வண்டியில் ஏற்றி வந்து, அங்கிருந்து தேனி நோக்கி ஓட்டுங்கள். காற்று முதுகைத் தள்ளும், கியரே வேண்டாம். அவள் சைக்கிளின் இருக்கையை மட்டும் உட்கார்ந்தால் கால் நன்றாக நீளும்படி உயர்த்திவிடுங்கள். வருவதற்கு முந்தைய வாரம் இங்கே எழுதுங்கள், எந்த ஊரில் நடவு நடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.